‘வாங்க’ என்று என்னைக் கூப்பிட்ட சாயங்காலம்

துபாயிலிருந்து இரண்டாவது முறையாக லீவில் வந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஐப்பசி மாதம். காலையில் எங்கள் தெருமுனைக் குழாயடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க?”

எனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கேட்டவர் சின்னவர்.

ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். பெரிய வீட்டுக்காரரின் ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவர். என் அப்பாவும் அம்மாவும் அவர்கள் வயலில் நடவு, களை, அறுப்பு என்று முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள். அவர் என்னை அதுவரை “டேய்” என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார். அதில் கோபமோ கேவலமோ இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. காற்று அடிப்பது மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. அதனால்தான் அந்த ‘வாங்க’வில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயில் பற்பசை நுரையோடு அப்படியே நின்றேன்.

“நாளைக்குச் சாயங்காலம் ஃப்ரீயா? தஞ்சாவூர்ல ஒரு நல்ல பார் இருக்கு. ஒரு டிரிங்க் சாப்பிட்டு, டின்னர் முடிச்சிட்டு வந்துடலாம். வெளிநாட்டுல இருக்கிறவங்களோட பேசியே நாளாச்சு.”

சரி என்று தலையாட்டினேன். வண்டியைக் கிளப்பியவர் திரும்பிச் சொன்னார்: “இங்க வேணாம். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. நான் கார்ல வந்து ஏத்திக்கிறேன்.”

ஊரில் வைத்து ஏற்றிக்கொள்ள அவருக்குக் கூச்சம் என்று நினைத்தேன். அவர் வீட்டில் ஏதாவது சொல்வார்கள், பாவம், நல்ல மனுஷன், அதற்கு நடுவிலும் கூப்பிடுகிறாரே என்றுகூட நினைத்தேன். ஊர்க்காரர்கள் யாரும் எங்களைச் சேர்ந்து பார்க்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, அதிராம்பட்டினம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. புது ஆற்றுப் பாசனத்தின் கடைமடை. மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் எட்டிப்பார்க்கும். தெற்கே கொஞ்ச தூரத்தில் கடல். அந்தக் கடலிலிருந்து ஒரு காட்டாறு மாதிரியான வடிகால் உள்ளே ஏறி வந்து, எங்கள் வயலின் ஓரமாக முடியும். எங்கள் வயல் என்று சொல்வது மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். மெட்ராஸுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடமிருந்து, நான் துபாய் போன மறு வருஷம் அப்பா வாங்கியது. பட்டா என் பேரில். எங்கள் வம்சத்தில் யார் பேரிலும் அதற்கு முன்னால் ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. அப்பா தினமும் விடிகாலையில் போய் வரப்பில் நின்றுவிட்டு வருவார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவார்.

மறுநாள் மத்தியானம் கிளம்பும்போது அப்பா கேட்டார்.

“எங்கப்பா?”

“தஞ்சாவூர்ல ஒரு சிநேகிதன். துபாய்ல கூட வேலை பாத்தவன்.”

“மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துக்க.”

குடையை எடுக்காமல் போனேன்.

பஸ் ஸ்டாண்டில் கார் வந்து நின்றதும் பழக்கதோஷத்தில் பின் கதவைத் திறந்தேன். சின்னவர் சாய்ந்து முன்கதவைத் திறந்துவிட்டார். “முன்னாடி உட்காருங்க.” கார் புதிது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. ஒரத்தநாடு தாண்டுகிறவரை அவர் துபாயைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே ஏ.சி. இல்லாத வீடே இல்லையாமே, தங்கம் எப்படி, சம்பளம் போக டிப்ஸ் வருமா. நான் பதில் சொன்னேன், ஆனால் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிட்டுப் பேசவில்லை. என்னவென்று கூப்பிடுவது? ‘சின்ன ஐயா’ என்பதுதான் எங்கள் தெருவில் வழக்கம். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பேர் சொல்லவும் வரவில்லை. அந்த மாலை முழுக்க மொட்டையாகவே பேசினேன்.

இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. காற்று இல்லை. இலை அசையவில்லை. தஞ்சாவூருக்குள் நுழையும்போது மணி ஆறுகூட ஆகவில்லை, ஆனால் கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். கீழே குடும்பத்தோடு சாப்பிடும் ரெஸ்டாரண்ட், அதை ஒட்டிக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பார். உள்ளே போனதும் குளிர் முகத்தில் அடித்தது. பெரிய கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் ஒரு மேசையில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் தஞ்சாவூர்த் தட்டு ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். மூலையில் இருந்த மேசையில் ஒருவர் ஏற்கெனவே காத்திருந்தார்.

மூன்றாவது ஆள் ஒருவர் வருகிறார் என்று சின்னவர் எனக்குச் சொல்லவே இல்லை.

“நம்ம சார் மெட்ராஸ். ஏற்றுமதி பிசினஸ்” என்றார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை அரைக்கை சட்டை, நெற்றியில் சின்னக் குங்குமம். எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன், தம்பி.”

யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று புரியவில்லை. உட்கார்ந்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். துபாயில் நான் ஒரு ஓட்டல் பாரில் வேலை பார்த்தேன். முதலில் கிளாஸ் கழுவினேன். பிறகு ஐஸ், எலுமிச்சை, பாட்டில் அடுக்குவது. கடைசியில் கவுண்டருக்குப் பின்னால் நின்று காக்டெயில் கலக்கும் ஆளாகிவிட்டேன். வீட்டில் ‘ஓட்டல் வேலை’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். என் சித்தப்பா சாராயத்தில்தான் போனார். அவரைத் தூக்கிவந்து கிடத்திய அன்றிலிருந்து அப்பா வீட்டு வாசலில் பாட்டில் என்ற சொல்லையே சேர்க்கமாட்டார். அவரிடம் போய் உங்கள் மகன் மற்றவர்களுக்குக் குடி ஊற்றிக்கொடுத்துச் சம்பாதித்த காசில்தான் இந்த நிலம் என்று எப்படிச் சொல்வது?

பாரில் நாலு வருஷம் இருந்தால் மேசைகளைப் படிக்கத் தெரிந்துவிடும். யாருக்கு யார் ஊற்றச் சொல்கிறார்கள், யார் சிரிப்பு முன்னால் வருகிறது, யார் வாட்சைப் பார்க்கிறார்கள். ஒரு மேசையில் ஒருத்தர் குடிக்காமல் மற்றவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால், அந்த மேசையில் காரியம் அவருடையது. மெட்ராஸ்காரர் தனக்கு ஒரு லெமன் சோடா சொன்னார். உப்புப் போட்டு.

“எங்களுக்கு என்ன சொல்லலாம்? நீங்களே சொல்லுங்க” என்று சின்னவர் மெனுவை என் பக்கம் தள்ளினார். “இந்த விஷயத்துல நீங்கதான எக்ஸ்பர்ட்.”

நான் அவரைப் பார்த்தேன்.

“அதிராம்பட்டினத்துப் பையன் ஒருத்தன் உங்க ஓட்டலுக்குப் பின்னாடிதான் கடை வச்சிருக்கான். சொன்னான். பிரமாதமா கலக்குறீங்களாமே.” சிரித்தார். கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அப்பாவுக்குத் தெரியாதாமே? கவலைப்படாதீங்க. எங்க வாயிலேர்ந்து வராது” என்றார்.

எனக்குக் குளிர் அதிகமான மாதிரி இருந்தது. கேட்காமலே ஒருத்தர் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொன்னால், அதை அவர் கையில் வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் மெனுவை எடுத்துப் பார்த்து, ஜின்னில் எலுமிச்சையும் சோடாவும் கலந்த டாம் காலின்ஸ் இரண்டு சொன்னேன். அந்தப் பேரைச் சரியாக உச்சரித்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பரிமாற வந்தவர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒல்லி. காது மடலில் நரைமுடி. கிளாஸை வைக்கும்போது அடியில் விரலைக் கொடுத்து, சத்தம் வராமல் வைத்தார். நான் அதைக் கவனித்ததை அவரும் கவனித்தார். ஒரே தொழில்காரர்கள் அப்படித்தான் தெரிந்துகொள்வோம். டிரிங்க் சுமார்தான். சோடாவில் காரம் இல்லை, ஐஸ் பாதி கரைந்திருந்தது. சின்னவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “எப்படி?” என்று என் அபிப்பிராயத்துக்குக் காத்திருந்தார். “நல்லாருக்கு” என்றேன். அவரும் உடனே நல்லாருக்கு என்றார். பெரிய வீட்டில் நாங்கள் கொல்லைப்பக்கம் வழியாகத்தான் போவோம். தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை நான் நல்லது என்றால் நல்லது என்கிறார். முதல் கிளாஸ் இறங்குவதற்கு முன்னாலேயே எனக்குப் போதை ஏறியிருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

இரண்டாவது கிளாஸ் வந்தது. பேச்சு இறாலுக்கு வந்தது.

மெட்ராஸ்காரர் நிதானமாகப் பேசினார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இறாலுக்கு இருக்கிற கிராக்கியைச் சொன்னார். கவர்மென்ட் இப்போது எல்லாக் கதவையும் திறந்துவிட்டுவிட்டது, இனி நெல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் பைத்தியக்காரன் என்றார். கடைமடையில் தண்ணீரே வராத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கடல் தண்ணீர்தான் என்றைக்கும் வற்றாதே என்றார். சின்னவர் தங்கள் கீழ்க்கட்டு நிலம் முழுவதையும் இறால் குட்டையாக வெட்டப்போவதாகச் சொன்னார். எங்கள் மூன்று மாவுக்கு மேற்கே இருக்கும் நிலம்தான் அது.

“ஒரே ஒரு சின்ன விஷயம்” என்றார் மெட்ராஸ்காரர். “வடிகால்லேர்ந்து எங்க குட்டைக்கு உப்புத்தண்ணி கொண்டுவரணும். நடுவுல உங்க வயல் இருக்கு. வயலுக்குள்ள இல்ல தம்பி, வரப்பு ஓரமா ஒரு வாய்க்கால். அவ்வளவுதான்.”

“அப்பாகிட்ட கேக்கணும்” என்றேன்.

“பட்டா உங்க பேர்லதான இருக்கு?” என்றார் சின்னவர். அவர் கிராம அலுவலகத்தில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். “அப்பா பழைய ஆளு. அவருக்கு இதெல்லாம் புரியாது. உலகம் பாத்தவர் நீங்க. அதனாலதான் உங்ககிட்ட பேசுறோம்.”

அப்போது சாப்பாடு வந்தது. ஒரு பெரிய தட்டு நிறைய இறால். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். எங்கள் பக்கத்து வலையில் அப்படி நான் பார்த்ததே இல்லை. மெட்ராஸ்காரர் தன்னுடைய வேறு பண்ணையிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, சமையலறையில் கொடுத்து வறுக்கச் சொல்லியிருந்தாராம். எல்லாம் ஒரே அளவு. ஒரே வளைவு. கறுப்பு வரிகூட ஒரே மாதிரி. வெள்ளைக்காரர்கள் மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். சின்னவர் ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். தன் கையால்.

மெட்ராஸ்காரர் ஒன்றும் சாப்பிடவில்லையே என்று அவரைப் பார்த்தேன். “நான் சைவம், தம்பி” என்றார்.

அந்த நேரத்தில்தான் பரிமாறுகிறவர் வந்து என் பக்கம் குனிந்தார். “சார், உங்களுக்கு ரிசப்ஷன்ல போன்.”

எனக்கு அங்கே போன் செய்ய யாரும் இல்லை. நான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று எழுந்து போனேன். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் அவர் ரிசப்ஷன் பக்கம் போகாமல் கைகழுவும் இடத்தின் பக்கம் என்னைக் கூட்டிப்போனார்.

“போன் ஒண்ணும் இல்ல சார். மன்னிக்கணும்.”

“பின்ன?”

“அந்த வெள்ளைச்சட்டை சார் நீங்க வர்றதுக்கு முன்னாடியே கவுண்டர்ல சொல்லி வச்சிருக்காரு. ரெண்டாவது கிளாஸ்லேர்ந்து உங்களுக்கு மட்டும் டபுளாப் போடணும்னு. கூட வந்தவருக்குச் சாதாரணம்.” கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “போன மாசமும் இப்படித்தான் ஒரு பெரியவரக் கூட்டியாந்தாங்க. பேராவூரணிப் பக்கம். கடைசில அவரு ஏதோ பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு அழுதுக்கிட்டே போனாரு. எனக்கு எதுக்கு வம்பு, ஆனா நீங்களும் நம்ம தொழில்னு பட்டுச்சு. அதான் சொன்னேன். வாசல்ல ஆட்டோ நிக்குது. பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்.”

நான் முகத்தைக் கழுவினேன். மனுஷனுக்கு எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். இரண்டாவது கிளாஸில் நான் பாதிகூடக் குடித்திருக்கவில்லை. என் கை நடுங்கவில்லை. பேச்சு குழறவில்லை. வெளியே முதல் தூறல் தார் ரோட்டில் விழுந்து வாசனை கிளம்பியது. ஆட்டோக்காரர் சீட்டில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பத்தடி. அவ்வளவுதான்.

திரும்ப உள்ளே போனேன்.

ஏன் போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே பல பதில் சொல்லியிருக்கிறேன். பார் விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அது உண்மை. அம்மா போன பிறகு ஊரில் அப்பா தனியாக இருக்கிறார், பெரிய வீட்டைப் பகைத்துக்கொண்டு எப்படி இருப்பார் என்ற கவலை. அதுவும் உண்மைதான். ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன அந்த நிமிஷத்தில் இதெல்லாம் என் மனதில் இல்லை. சின்னவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, “வாங்க, ஆறிப்போகுது” என்றார். என் நாற்காலியைத் தன் காலால் கொஞ்சம் பின்னால் நகர்த்திக் கொடுத்தார். நான் இப்போது திரும்பிப் போனால் அந்த நாற்காலி இனி எப்போதும் எனக்கு இல்லை. அதுதான் மனதில் இருந்தது.

மெட்ராஸ்காரர் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தார். ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. என் பேர், அப்பா பேர், சர்வே எண், எல்லாம். ‘மேற்படி நிலத்தின் தென்புறமாக உப்புநீர் வாய்க்கால் அமைத்துக்கொள்வதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.’ நான் ஒரு வரி விடாமல் படித்தேன். எத்தனை அடி அகலம், எத்தனை வருஷம் என்று எதுவும் அதில் இல்லை. அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் சின்னவர் போட்டார்.

தாள் பைக்குள் போன பிறகு மெட்ராஸ்காரர் ஐந்து நிமிஷம்கூட உட்காரவில்லை. அதே மாதிரி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். மூன்றாவது கிளாஸை நான் தொடவில்லை. பரிமாறுகிறவர் அதை எடுத்துப்போனபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் மழை. சின்னவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காரை நிறுத்தினார்.

“எறங்கிக்க. கடைசி பஸ் இன்னும் போயிருக்காது.”

அவரும் அதே ஊருக்குத்தான் போகவேண்டும். அதே ரோடுதான். நான் இறங்கினேன். நனைந்துகொண்டே நின்று, கார் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன்.

பத்து நாளில் துபாய் போய்விட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் சமயம் கிடைத்தது. அவர் வரப்பில் நின்று பயிரைக் காட்டினார், தண்ணீர் இந்த வருஷம் பரவாயில்லை என்றார். நான் ஊம் கொட்டினேன்.

அப்பா ஐந்தாவது வரை படித்தவர். மாதம் ஒரு கடிதம் அவரே எழுதுவார். தை மாதக் கடிதத்தில், ‘பெரிய வீட்டு நிலத்தில் பொக்லைன் வந்து தோண்டுகிறார்கள்’ என்று இருந்தது. அடுத்ததில், ‘நம் வயல் ஓரமாகவும் கழி நட்டிருக்கிறார்கள், கேட்கப் போகிறேன்’ என்றிருந்தது. அதற்கு அடுத்த கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. அதில் உடம்பு சௌக்கியம், அத்தை மகளுக்குக் கல்யாணம், மழை இல்லை. வயலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதன் பிறகு எந்தக் கடிதத்திலும் அவர் வயலைப் பற்றி எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்தைப் பிரித்ததும் வயல் என்ற சொல்லைத்தான் முதலில் தேடுவேன். அதில் என்ன இருக்கும் என்பதைவிட, எது இல்லாமல் இருக்கும் என்பதுதான் பயம்.

அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆனது. அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப்போனார். மறுநாள் காலையில், “வா, ஒரு நடை போயிட்டு வருவோம்” என்றார்.

வரப்பு ஓரம் என்று சொன்ன வாய்க்கால் ஒரு லாரி இறங்கும் அகலத்துக்கு வெட்டியிருந்தது. எங்கள் தென்வரப்பே இல்லை. வயலில் தண்ணீர் வடிந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பா குனிந்து ஒரு கட்டியை எடுத்து, விரலால் நசுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். என்னிடம் நீட்டவில்லை.

“கேக்கப் போனேன். சின்ன ஐயா ஜெராக்ஸ் காப்பி காட்டினாரு. கையெழுத்து உன்னுதுதானா?”

“ஆமாப்பா.”

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். குட்டைகளில் காற்று கொடுக்கிற எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“நீ பார்ல வேலை பாக்குறது எனக்கு மொத வருஷமே தெரியும்” என்றார். “துபாய்லேர்ந்து வந்த யாரோ சொல்லி, மாதா கோயில் சாமியார் எங்கிட்ட சொன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல. உழைச்சுதான திங்கிற.” பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி கேட்டார்: “குடிக்க வச்சு வாங்கினாங்களா?”

அப்பா முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வேண்டிய பதில் அதில் எழுதியிருந்தது.

“ஆமாப்பா” என்றேன். “எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல.”

அவர் பெருமூச்சு விட்டார். என் தோளில் கை வைத்து, “அதான பாத்தேன்” என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்பா அதை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். குடி என்ற சொல்லையே வாயில் எடுக்காதவர், ‘என் பிள்ளைக்கு ஊத்திக் கொடுத்து ஏமாத்திட்டாங்க’ என்று டீக்கடையில் நின்று சொன்னார். பெரிய வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார். எங்கள் தெருவிலிருந்து ஒருத்தர் அந்த வாசலில் நின்று குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை என்பார்கள். தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் மனுக் கொடுத்தார். என் லீவு முடிவதற்குள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதச் சொன்னார்.

“கையெழுத்துப் போடும்போது சுயநினைவு இருந்ததா?”

சின்னவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்தது அவருக்குத் தெரியும். அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எதிரெதிராக நின்றோம், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் இருந்தோம். அப்பா எனக்குப் பின்னால் நின்றார்.

“இல்லீங்க” என்றேன்.

குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை குட்டையாகச் செத்து மிதந்தது. நாற்றம் அடுத்த ஊர் வரை போனது. மெட்ராஸ்காரர் எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனவர் பிறகு வரவே இல்லை. பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு சின்னவர் குடும்பம் திருச்சிக்குக் குடிபோனது. வாய்க்காலை மூடினோம். உப்பை மூட முடியவில்லை. அது மண்ணுக்கடியில் தன்பாட்டுக்கு நகர்ந்தது. எங்கள் வயல், அடுத்து வடக்கே இருந்த நாலு பேர் வயல், அதற்கு அடுத்து தெருக் கிணறு. ஒரு கோடையில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று பெண்கள் சொன்னார்கள்.

உப்பு முறியட்டும் என்று அப்பா வருஷா வருஷம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். மழைத்தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்தார். அங்கங்கே திட்டுத் திட்டாக நெல் வந்தது. அவர் இருந்தவரை முழு வயலும் விளைந்து நாங்கள் பார்க்கவில்லை. அவரிடம் நான் உண்மையைச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அவர் பெரிய வீட்டு வாசலில் நின்ற அந்த ஒரு நாளையும் நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதுவும் பாதிதான் உண்மை.

அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து, எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே சாம்பார் வாளியோடு ஒரு அக்கா வந்து நின்றார். வடக்கே உப்பு ஏறிய நாலு வயலில் ஒன்று அவருடையது. அது போன பிறகு அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்கவில்லை என்று அவர்தான் சொன்னார். பிறகு என் இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, பக்கத்தில் இருந்த ஒரு புது மனுஷரிடம் என்னைக் காட்டினார்.

“பாவம், இந்தத் தம்பியத்தான் குடிக்க வச்சு ஏமாத்தினாங்க. வெள்ளந்தியான புள்ள.”

புது மனுஷர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா தம்பி?” என்றார் அக்கா.

“ஊத்துங்க” என்றேன்.